அமெரிக்கச் சிற்றூர்களின் குடும்ப ஃபியூனரல் ஹோம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஒரு சின்ன ஊருக்குள் கார் ஓட்டிப் போனால் சர்ச், வங்கி, தபால் அலுவலகம் இவற்றோடு கண்ணில் படுவது ஒரு பெரிய வெள்ளை வீடு. வாசலில் தூண்கள், வெட்டிவிட்ட புல்தரை, ஒரு குடும்பப் பெயரோடு பலகை. அதுதான் ஊரின் ஃபியூனரல் ஹோம். அதன் கதையைப் பற்றிப் பலரும் கேட்பவற்றுக்கு இங்கே பதில்.

ஃபியூனரல் ஹோம் என்றால் என்ன? மார்ச்சுவரியும் அதுவும் ஒன்றா?

இல்லை. மார்ச்சுவரி என்றதும் நமக்கு அரசு ஆஸ்பத்திரியின் பின்கட்டுதான் நினைவுக்கு வரும். ஃபியூனரல் ஹோம் தனியார் இடம். இறந்தவரின் உடலை எடுத்து வருவது, குளிப்பாட்டி உடுத்துவது, சவப்பெட்டி விற்பது, உறவினர் வந்து பார்க்கக் கூடம் தருவது, ஊர்வலத்துக்கு வண்டி விடுவது, இறப்புச் சான்றிதழுக்கு அலைவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. கொழும்பில் மலர்ச்சாலை என்று சொல்கிறார்களே, கிட்டத்தட்ட அது. தமிழ்நாட்டில் இதே வேலைகள் பலர் கையில் பிரிந்து கிடக்கின்றன: ஐஸ் பெட்டிக்காரர் ஒருவர், பந்தல்காரர் ஒருவர், பாடை கட்டுபவர் ஒருவர், மயான ஊழியர் இன்னொருவர். அமெரிக்காவில் எல்லாம் ஒரே குடும்பத்தின் கைக்குப் போயிற்று. அது எப்படி நடந்தது என்பதுதான் இந்தப் பக்கத்தின் விஷயம்.

இந்தத் தொழிலை முதலில் தொடங்கியவர்கள் யார்?

தச்சர்கள். 18ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் சாவு வீட்டு வேலை வீட்டோடு முடிந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து உடலைக் கழுவித் துணி உடுத்துவார்கள். முன்னறையில் பலகை போட்டுக் கிடத்துவார்கள். இரவெல்லாம் ஆள் மாற்றி ஆள் விழித்திருப்பார்கள். வெளியாளிடம் போக வேண்டியிருந்தது பெட்டிக்கு மட்டும்தான். அதனால் மேசை, அலமாரி செய்கிறவரிடம் ஓடினார்கள். பெட்டி செய்யத் தெரிந்தவருக்கு அதைச் சுமந்துபோக வண்டியும் தேவைப்பட்டது. மெல்ல மெல்ல முழு ஏற்பாடும் அவர் தலையில் வந்து விழுந்தது.

வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க் ஊரில் பெஞ்சமின் பக்ட்ரவுட் என்ற மரச்சாமான் கலைஞர் இருந்தார். 1770இல் அந்த மாகாணத்தின் ஆளுநர் பாட்டடோர்ட் பிரபு இறந்தபோது சவ அடக்க ஏற்பாட்டில் அவருக்கும் பங்கு இருந்தது. நல்ல நாற்காலி செய்யும் கை என்பதால் வந்த வேலை அது. பக்ட்ரவுட் குடும்பப் பெயர் அந்த ஊரின் சாவுத் தொழிலோடு பல தலைமுறைகள் ஒட்டியிருந்தது.

இன்னொரு வழியில் வந்தவர்கள் குதிரை லாயக்காரர்கள். வண்டியும் குதிரையும் அவர்களிடம் இருந்ததால் சவ ஊர்தியும் அவர்களுடையதாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் கடைப் பலகைகளில் 'மரச்சாமான்களும் சவ அடக்கமும்' என்று இரண்டையும் சேர்த்து எழுதியிருப்பது சாதாரணம். கல்யாணத்துக்குக் கட்டில் வாங்கிய கடையிலேயே கடைசிப் பெட்டியும் வாங்கினார்கள். இதில் யாரும் விநோதம் காணவில்லை.

எம்பாமிங், அதாவது உடல் கெடாமல் மருந்து செலுத்திப் பதப்படுத்துவது, எங்கிருந்து வந்தது? இது கிறிஸ்தவச் சடங்கா?

சடங்கே இல்லை. போர்தான் இதைக் கொண்டுவந்தது.

1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். வீட்டிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் தள்ளிச் செத்த பிள்ளையை ஊருக்குக் கொண்டுவர வேண்டும் என்று பெற்றோர் துடித்தார்கள். வெயிலில் ரயிலில் உடல் தாங்காது. ஐஸ் வைத்தால் வழியிலேயே உருகும். ரத்தக் குழாய் வழியாக மருந்து செலுத்திப் பதப்படுத்தும் முறை மருத்துவக் கல்லூரிகளில் பிணத்தை அறுத்துப் படிப்பவர்களுக்குத் தெரிந்திருந்தது. தாமஸ் ஹோம்ஸ் என்பவர் அதைப் போர்க்களத்துக்கு எடுத்துப் போனார்.

1861 மே 24 அன்று வர்ஜீனியாவின் அலெக்சாந்திரியாவில் ஒரு விடுதியின் கூரையில் பறந்த எதிர்த்தரப்புக் கொடியை இறக்கப் போன கர்னல் எல்மர் எல்ஸ்வர்த் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் லிங்கனின் வழக்கறிஞர் அலுவலகத்தில் படித்தவர், லிங்கனுக்குப் பிள்ளை மாதிரி. ஹோம்ஸ் அவர் உடலைப் பதப்படுத்தினார். வெள்ளை மாளிகையில் வைத்தார்கள், ஜனம் பார்த்தது. அதன்பின் ஹோம்ஸுக்கு ஓய்வில்லை. 4,000 பேருக்கு மேல் பதப்படுத்தியதாகப் பின்னாளில் அவரே சொல்லிக்கொண்டார். உடலுக்கு 100 டாலர் வாங்கினார் என்பார்கள். சாதாரணச் சிப்பாயின் மாதச் சம்பளம் 13 டாலர். யார் வீட்டுப் பிள்ளைகள் ஊர் திரும்பின என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

1865 ஏப்ரலில் லிங்கன் கொல்லப்பட்டார். வாஷிங்டனிலிருந்து ஏப்ரல் 21 அன்று புறப்பட்ட ரயில் ஊர் ஊராக நின்று, மே 3 அன்று இலினாயின் ஸ்பிரிங்ஃபீல்டு போய்ச் சேர்ந்தது. பதப்படுத்தியவரும் கூடவே போனார். நடுவழியிலேயே முகம் கறுக்கத் தொடங்கியது. அவ்வப்போது பவுடர் பூசிச் சமாளித்தார்கள். இருந்தாலும் லட்சக்கணக்கான மக்கள் ஒரு முகத்தை இத்தனை நாள் கழித்தும் பார்க்க முடியும் என்பதைக் கண்ணால் கண்டுவிட்டார்கள். எந்த விளம்பரமும் அதற்கு ஈடாகாது.

தச்சர் எப்படி எம்பாமர் ஆனார்?

மருந்துக் கம்பெனிகள் ஆக்கின. போர் முடிந்ததும் மருந்து விற்கச் சந்தை வேண்டுமே. விற்பனையாளர்கள் ஊர் ஊராகப் போய், சில நாள் வகுப்பெடுத்து, கையில் ஒரு சான்றிதழும் கொடுத்துவிட்டு வந்தார்கள். 1882இல் சின்சினாட்டியில் ஜோசப் கிளார்க் முறையான பள்ளியைத் தொடங்கினார். அதே ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் இந்தத் தொழில்காரர்கள் கூடி தேசியச் சங்கம் அமைத்தார்கள். 'அண்டர்டேக்கர்' என்ற பழைய பெயரை உதறிவிட்டு 'ஃபியூனரல் டைரக்டர்' என்று தங்களைச் சொல்லிக்கொண்டதும் அப்போதுதான். 1894இல் வர்ஜீனியா எம்பாமருக்கு உரிமம் வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது, மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. கைவேலைக்காரர் ஒரு தலைமுறைக்குள் படித்த தொழில்முறையாளர் ஆகிவிட்டார்.

வீட்டிலிருந்து சாவு ஏன் வெளியே போனது?

ஒரே காரணம் சொல்ல முடியாது. ஆரம்பத்தில் எம்பாமர்தான் பெட்டி படுக்கையோடு வீட்டுக்கு வந்தார். படுக்கையறையிலேயே வேலை. பிறகு ஆஸ்பத்திரியில் சாவது கூடியது. நகர வீடுகள் சுருங்கின. பதப்படுத்தும் வேலைக்குத் தண்ணீர்க் குழாயும் வடிகாலும் உள்ள தனி அறை வசதியாயிற்று. 20ஆம் நூற்றாண்டின் முதல் சில பத்தாண்டுகளில் வேலை முழுக்க எம்பாமரின் இடத்துக்கு நகர்ந்துவிட்டது. 1909 வாக்கில் மோட்டார் சவ ஊர்தியும் வந்தது, குதிரை லாயத்தின் தேவையும் போயிற்று.

அந்தக் கட்டடங்கள் ஏன் பழைய மாளிகை மாதிரியே இருக்கின்றன? குடும்பம் மாடியில் குடியிருந்தது உண்மையா?

பெரும்பாலும் அவை மாளிகைகளேதான். ஊரின் மர வியாபாரியோ வங்கி முதலாளியோ கட்டிய வீடு. வாரிசுகள் நகரத்துக்குப் போன பிறகு யாராலும் கட்டிக் காக்க முடியாமல் விலைக்கு வந்தது. ஃபியூனரல் தொழிலுக்கு அது அளவெடுத்துத் தைத்த மாதிரி: பெட்டி நுழையும் அகலக் கதவு, பெரிய முன்கூடம், மழையில் நனையாமல் வண்டி நிற்க முகப்புக் கொட்டகை, பின்னால் வண்டிக் கொட்டில். கீழே கூடமும் பெட்டிகள் அடுக்கிய அறையும். பின்பக்கமோ நிலவறையிலோ பதப்படுத்தும் அறை. மேலே குடும்பம்.

மாடியில் இருந்தது சிக்கனத்துக்காக மட்டுமல்ல, தொலைபேசிக்காகவும்தான். சாவு நேரம் பார்த்து வராது. ராத்திரி இரண்டு மணிக்கு மணி அடித்தாலும் யாராவது எடுக்க வேண்டும், அதுவும் தூக்கக் குரலில் எடுக்கக் கூடாது. வீட்டுக்கார அம்மாள்தான் வழக்கமாக அந்த ஆள். கணக்கு எழுதுவது, இறந்த பெண்களுக்குத் தலை வாரிவிடுவது, துக்கம் கேட்க வருபவருக்குக் காபி கொடுப்பது எல்லாம் அவர் வேலை. சம்பளப் பட்டியலில் மட்டும் அவர் பெயர் இருக்காது. கீழே ஆள் இருக்கும்போது பிள்ளைகள் மேலே ஓடக் கூடாது, ரேடியோ வைக்கக் கூடாது, வெங்காயம் வதக்கக் கூடாது. இந்தத் தொழில் தலைமுறை தாண்டி நிலைத்ததில் பாதிப் பங்கு இந்தப் பெண்களுடையது என்பது என் கணிப்பு. பலகையில் 'அண்ட் சன்ஸ்' என்றுதான் எழுதினார்கள்.

தொலைபேசி என்றதும் ஞாபகம் வருகிறது: தானியங்கி எக்ஸ்சேஞ்சைக் கண்டுபிடித்தவர் ஒரு அண்டர்டேக்கரா?

ஆமாம். கன்சாஸ் சிட்டியில் தொழில் செய்த ஆல்மன் ஸ்ட்ரோஜர். ஊர் எக்ஸ்சேஞ்சில் இருந்த பெண், போட்டிக் கடைக்காரரின் மனைவி என்றும், ஸ்ட்ரோஜருக்கு வந்த அழைப்புகளைக் கணவர் பக்கம் திருப்பிவிட்டார் என்றும், அந்தக் கடுப்பில்தான் ஆளில்லா எக்ஸ்சேஞ்சை யோசித்தார் என்றும் கதை. கதையில் மசாலா எவ்வளவோ, 1891இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்ததும் 1892இல் இண்டியானாவின் லா போர்ட் என்ற சிற்றூரில் அந்த எக்ஸ்சேஞ்ச் இயங்கத் தொடங்கியதும் நிஜம்.

சவ ஊர்தியையே ஆம்புலன்ஸாக ஓட்டினார்களாமே?

ஓட்டினார்கள், 1970கள் வரை. ஒரு ஆளைப் படுக்க வைத்துக் கொண்டுபோகும் நீளமான வண்டி ஊரில் வேறு யாரிடம் இருந்தது? 1966இல் தேசிய அறிவியல் அகாதமி வெளியிட்ட அறிக்கையில், நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் பாதியைச் சுமார் 12,000 ஃபியூனரல் தொழில்காரர்கள் நடத்துவதாகச் சொல்லியிருக்கிறது.

இதற்கென்றே ஒஹையோவில் மில்லர்-மீட்டியர், சுப்பீரியர் போன்ற கம்பெனிகள் இருவேலை வண்டிகளைக் கட்டின. அடித்தளம் காடிலாக். தரையில் பதித்த உருளைகள் மேல்பக்கம் இருந்தால் சவப்பெட்டி வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். அதே பலகைகளைப் புரட்டிப் போட்டால் சமதளம், ஸ்ட்ரெச்சர் நிற்கும். ஓரத்தில் மடக்கி வைத்த இருக்கையை விரித்தால் உதவியாளர் உட்காரலாம். கூரையில் சிவப்பு விளக்கைப் பொருத்தினால் ஆம்புலன்ஸ், கழற்றி ஜன்னல் திரையை இழுத்துவிட்டால் சவ ஊர்தி. காலையில் அடக்கம் முடித்துத் திரும்பிய வண்டி மதியம் பிரசவ வலி கண்டவரை ஏற்றிக்கொண்டு போகும்.

ஓட்டியவருக்கு முதலுதவி தெரிந்திருந்தால் அதிர்ஷ்டம். பிழைத்தாலும் சரி, போனாலும் சரி, அவர்களுக்கு வேலைதான் என்று ஊரில் கேலி பேசினார்கள். உண்மையில் ஆம்புலன்ஸில் காசு கிடையாது, பாதிப் பேர் பில் கட்டவே மாட்டார்கள். ஆனால் நெஞ்சுவலி வந்த அப்பாவை ஓடி வந்து தூக்கிப் போனவரை அந்தக் குடும்பம் மறக்காது. பிறகு அரசு விதிகள் இறுகின. பயிற்சி பெற்ற ஆள், கருவி, குறைந்தபட்ச ஊதியம் எல்லாம் கட்டாயமாயின. ஒவ்வொரு குடும்பமாகக் கைகழுவியது.

கறுப்பினக் குடும்பங்களின் ஃபியூனரல் ஹோம்கள் ஏன் தனியாக இருந்தன?

தெற்கில் நிறவெறி சாவிலும் இருந்தது. வெள்ளையர் நடத்திய இடங்கள் கறுப்பின உடல்களை ஏற்கவில்லை, ஏற்றாலும் பின்வாசல் வழியாக. ஆகவே கறுப்பினத்தவர் தமக்கென நடத்தினார்கள். வெள்ளையரின் கடனையோ வாடிக்கையையோ சார்ந்திராத தொழில் என்பதால், அந்த உரிமையாளரை யாரும் எளிதில் மிரட்டிப் பணிய வைக்க முடியவில்லை. இதன் பலன் அரசியலில் தெரிந்தது.

அலபாமாவின் பர்மிங்காமில் ஏ. ஜி. கேஸ்டன் அடக்கச் செலவுக்குச் சில்லறை சேர்க்கும் சங்கமாக 1923இல் தொடங்கி ஃபியூனரல் ஹோம், காப்பீடு, மோட்டல் என வளர்ந்தார். 1963 போராட்டத்தில் மார்ட்டின் லூதர் கிங் தங்கித் திட்டமிட்டது கேஸ்டன் மோட்டலில்தான், பிணைப் பணத்துக்கும் கேஸ்டன் கை கொடுத்தார். டெட்ராய்டின் டிக்ஸ் குடும்பத்து மகன் சார்லஸ் டிக்ஸ், ஃபியூனரல் தொழில் படித்தவர், 1954இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். மறு ஆண்டு மிசிசிப்பியில் 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் எம்மட் டில் கொலை வழக்கு நடந்தபோது நேரில் போய் உட்கார்ந்தார். அந்தச் சிறுவனின் உடல் சிகாகோ வந்தபோது, பெட்டியை மூடாதீர்கள், அவனுக்குச் செய்ததை உலகம் பார்க்கட்டும் என்றார் தாய் மேமி. ஏ. ஏ. ரெய்னர் ஃபியூனரல் ஹோம் அவர் சொன்னபடி செய்தது. அந்தப் படங்கள் ஒரு இயக்கத்துக்கே தீ மூட்டின.

தெற்குச் சர்ச்சுகளில் ஞாயிறன்று விசிறிக்கொண்ட அட்டை விசிறிகளின் பின்பக்கத்தில் ஊர் ஃபியூனரல் ஹோமின் பெயர் அச்சிட்டிருக்கும். நம் ஊரில் ஜவுளிக்கடைக்காரர் காலண்டர் கொடுப்பது போல.

ரொம்பக் காசு பிடுங்குகிறார்கள் என்ற பேச்சு எப்போது கிளம்பியது?

எப்போதும் இருந்ததுதான். ஆனால் 1963இல் ஜெசிகா மிட்ஃபோர்ட் எழுதிய புத்தகம் அதை நாடு முழுக்கப் பரப்பியது. துக்கத்தில் இருப்பவரிடம் பேரம் எடுபடாது, அதைத் தெரிந்தே விலையுயர்ந்த பெட்டியைத் தலையில் கட்டுகிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. தொழில்காரர்கள் கொதித்தார்கள். 1984இல் கூட்டாட்சி வணிக ஆணையம் விதி கொண்டுவந்தது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விலை எழுதிய பட்டியலைக் கையில் தர வேண்டும். போனில் கேட்டாலும் விலை சொல்ல வேண்டும். எம்பாமிங் சட்டப்படி கட்டாயம் என்று பொய் சொல்லக் கூடாது. வெளியே வாங்கிய பெட்டியை மறுக்கக் கூடாது. எனக்கென்னவோ நல்ல குடும்பங்களுக்கு இந்த விதியால் நன்மைதான் என்று தோன்றுகிறது.

பெரிய கம்பெனிகள் எப்போது நுழைந்தன?

ஹூஸ்டனில் அப்பா விட்டுப்போன ஃபியூனரல் ஹோமை எடுத்து நடத்திய ராபர்ட் வால்ட்ரிப் 1962இல் எஸ்சிஐ (சர்வீஸ் கார்ப்பரேஷன் இன்டர்நேஷனல்) கம்பெனியைத் தொடங்கினார். ஒரே வட்டாரத்தில் பத்து இடங்களை வாங்கிவிட்டால் பத்துக்கும் சேர்த்து ஒரே எம்பாமிங் அறை, ஒரே வண்டிக் கூட்டம், ஒரே கணக்கு அலுவலகம் போதும். கணக்கு எளிது. கனடாவின் மனிடோபாவில் ஸ்டைன்பாக் என்ற சிற்றூரில் அப்பாவின் ஃபியூனரல் ஹோமில் வளர்ந்த ரே லோவென் அதே வழியில் போனார். 1990களின் நடுவில் லோவென் குழுமம் வட அமெரிக்காவின் இரண்டாவது பெரிய கம்பெனி.

வாங்கும்போது இவர்கள் பார்த்தது கட்டடத்தையோ வண்டியையோ அல்ல. மூன்று தலைமுறையாக ஊர் நம்பிய பெயரைத்தான். அதனால் வாங்கிய பிறகு பலகையை மாற்றவில்லை. பழைய முதலாளியையே சம்பளத்துக்கு வைத்துக்கொண்டு வாசலில் நிற்க வைத்தார்கள். ஊர்க்காரருக்குக் கை மாறியதே தெரியாது, பில் கையில் வரும்போது புரியும்.

அப்படி ஒரு சின்ன முதலாளி கம்பெனியை வீழ்த்திய வழக்கு உண்டாமே?

மிசிசிப்பியின் பிலாக்ஸியைச் சேர்ந்த ஜெரமையா ஓ'கீஃப். இரண்டாம் உலகப் போரில் விமானி, 1973 முதல் 1981 வரை பிலாக்ஸி மேயர், பரம்பரையாக ஃபியூனரல் தொழில், கூடவே அடக்கச் செலவுக்கான காப்பீடு. இரண்டு ஃபியூனரல் ஹோம்களை லோவெனுக்கு விற்பது, லோவெனின் ஒரு காப்பீட்டுக் கம்பெனியைத் தான் வாங்கிக்கொள்வது என்று ஒரு பரிமாற்றம் பேசினார்கள். முன்னதன் மதிப்பு சுமார் 25 லட்சம் டாலர், பின்னது சுமார் 40 லட்சம். ஒப்புக்கொண்டதைச் செய்யாமல் இழுத்தடித்துத் தன்னை நசுக்கப் பார்க்கிறது கம்பெனி என்று ஓ'கீஃப் ஜாக்சன் நீதிமன்றத்துக்குப் போனார். அவருக்காக வாதாடியவர் புளோரிடாவின் புகழ்பெற்ற கறுப்பின வழக்கறிஞர் வில்லி கேரி.

1995இல் ஜூரி கொடுத்த தொகை 50 கோடி டாலர், அதில் 40 கோடி தண்டனைத் தொகை. மேல்முறையீடு செய்யும்போது தீர்ப்பை நிறுத்திவைக்க 62.5 கோடி டாலர் ஈடு கட்டச் சொன்னது நீதிமன்றம். லோவெனால் முடியவில்லை. 1996 ஜனவரியில் 17.5 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. அடுத்தடுத்து வாங்கிக் குவித்த கடனும் சேர்ந்து அழுத்த, 1999இல் லோவென் குழுமம் திவால் மனு போட்டது. வட அமெரிக்கத் தடையற்ற வணிக ஒப்பந்தத்தின் கீழ் அமெரிக்க அரசு மீதே போட்ட வழக்கும் 2003இல் தள்ளுபடியானது. மிச்சம் இருந்தது ஆல்டர்வுட்ஸ் என்று பெயர் மாறி, 2006இல் எஸ்சிஐயிடமே போய்ச் சேர்ந்தது. சின்னவர் ஜெயித்தார் என்று சந்தோஷப்படலாம்தான். ஆனால் எஸ்சிஐயின் கையில் இன்று சுமார் 1,500 ஃபியூனரல் ஹோம்கள் இருக்கின்றன.

அப்படியானால் குடும்ப ஃபியூனரல் ஹோம்கள் அழிந்துவிட்டனவா?

இல்லை. நாட்டில் ஐந்தில் நான்குக்கும் மேல் இன்னும் தனியார் அல்லது குடும்பக் கையில்தான். அவர்களைக் கம்பெனிகளைவிட அதிகம் அசைத்தது தகனம்.

1876இல் பென்சில்வேனியாவின் வாஷிங்டன் ஊரில் டாக்டர் லெமாய்ன் என்பவர் தன் நிலத்தில் நாட்டின் முதல் தகன உலையைக் கட்டினார். டிசம்பர் 6 அன்று அதில் முதலில் எரிந்தது பாரன் டி பாம் என்ற பிரம்மஞான சங்கத்தவரின் உடல். மே மாதம் இறந்தவரை உலை தயாராகும்வரை பதப்படுத்தி வைத்திருந்தார்கள். ஏற்பாடு செய்தவர் கர்னல் ஆல்காட். ஆம், 1882இல் சங்கத்தின் தலைமையகத்தை அடையாற்றுக்குக் கொண்டுவந்த அதே ஆல்காட். அவரும் 1907இல் அடையாற்றிலேயே இறந்து அங்கேயே தகனமானார்.

அதன்பின் நெடுங்காலம் தகனம் ஒரு ஓரத்தில்தான் கிடந்தது. 1960இல் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. 2016 வாக்கில் பாதியைத் தாண்டிவிட்டது. பெட்டியும் எம்பாமிங்கும்தான் லாபம் தந்தவை, பார்வைக்கு வைக்காமல் நேரே எரிக்கும் நேரடித் தகனத்தில் இரண்டும் இல்லை. தொழில் சங்கம் 2023இல் எடுத்த கணக்கில், உடல் பார்வையோடு அடக்கம் செய்ய நடுத்தரச் செலவு 8,300 டாலர், பார்வையோடு தகனத்துக்கு 6,280. நேரடித் தகனத்தின் செலவு இதில் சிறு பங்குதான். வருஷத்துக்கு ஐம்பது அறுபது சாவுகள் நடக்கும் ஊரில் மாளிகையின் கூரையை மாற்றவே அது போதாது.

வாசலில் இருக்கும் பெயருக்குப் பின்னால் குடும்பமா கம்பெனியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நேராகக் கேளுங்கள். இடம் யாருடையது, உடலை எங்கே வைப்பீர்கள், இரவில் போன் அடித்தால் யார் எடுப்பார்கள். முதல் கேள்விக்குச் சுற்றி வளைத்துப் பதில் வந்தால் புரிந்துகொள்ளலாம். விலைப்பட்டியலின் அடியிலோ ஒப்பந்தத்திலோ தாய்க் கம்பெனியின் பெயர் சின்ன எழுத்தில் இருப்பதும் உண்டு.

தமிழ்க் குடும்பத்தின் சடங்குகளுக்குச் சிற்றூர் ஃபியூனரல் ஹோம் இடம் கொடுக்குமா?

டொராண்டோ பக்கம் பிரச்சினையே இல்லை. அங்கே தமிழ் மரண அறிவித்தல்களில் பார்வைக்கு வைக்கும் நேரம், கிரியை நேரம், தகன நேரம் எல்லாம் அச்சிட்டே வரும். நம் ஆட்கள் இல்லாத அமெரிக்கச் சிற்றூரிலும் குடும்பம் நடத்தும் இடங்கள் பொதுவாக ஒத்துழைக்கும், முன்கூட்டிச் சொன்னால். குளிப்பாட்டி வேட்டி கட்ட நாங்களே வருகிறோம் என்று சொல்லுங்கள். வாய்க்கரிசி, பூமாலை, தேவாரம் எதற்கும் தடையிருக்காது. கற்பூரத்துக்குத் தீயணைப்பு அலாரம் காரணமாக மறுக்கலாம், வெளியே கொட்டகையில் ஏற்றலாமா என்று கேட்டுப் பாருங்கள். ஓரிரு நாளில் தகனம் என்றால் எம்பாமிங் தேவையில்லை, குளிர்பதனம் போதும். கொள்ளி வைக்க வேண்டிய மகனோ மகளோ உலையின் பொத்தானை அழுத்த விடுவார்களா, எத்தனை பேர் உள்ளே வரலாம் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், உலை வேறு ஊரில் வேறு ஆளுடையதாக இருக்கலாம். இறந்தவருக்குப் பேஸ்மேக்கர் வைத்திருந்தால் கட்டாயம் சொல்லிவிடுங்கள். அதை எடுக்காமல் உலையில் வைத்தால் வெடிக்கும்.